கத்தி ஆட்டமா, குறி சொல்லலா?

பாலித் தீவில் சாமி வந்து ஆடுவதைத் திரையில் பார்க்க வேண்டும் என்றால் பலரும் முதலில் கைகாட்டுவது, மானிடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் எடுத்த 'ட்ரான்ஸ் அண்ட் டான்ஸ் இன் பாலி' படத்தைத்தான். 1930களின் கடைசியில் எடுத்தது, 1952இல் வெளியானது. 22 நிமிடம். கெரிஸ் கத்தியோடு சூனியக்காரி ரங்டா மேல் பாய்கிறவர்கள் சுருண்டு விழுகிறார்கள். காவல் மிருகமான பரோங் எழுப்பியதும் அதே கத்தியைத் தங்கள் நெஞ்சில் வைத்து அழுத்துகிறார்கள். முதுகு வில்லாக வளைகிறது. கத்தி உள்ளே இறங்குவதில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிறு கூசும்.

ஆனால் இரவில் நடக்க வேண்டிய ஆட்டத்தை, கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று காசு கொடுத்துப் பகலில் ஆட வைத்திருக்கிறார்கள். படம்பிடித்தபோது ஒலிப்பதிவும் இல்லை. நாம் கேட்கும் கமெலான் (பாலியின் வாத்தியக் குழு இசை) பின்னால் ஒட்டியது. காலடியோடு அது பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள். போதாததற்கு மீடின் விளக்கம் வேறு. ஆடுகிறவர் ஒருவர்கூட நம்மிடம் வாய் திறப்பதில்லை.

டிமோத்தி ஆஷும் லிண்டா கானரும் 1978இல் எடுத்த 'எ பாலினீஸ் ட்ரான்ஸ் சியான்ஸ்' இதற்கு நேர் எதிர். ஆட்டமே கிடையாது. குறி சொல்லும் ஜெரோ தபகான் வீட்டுச் சன்னிதியில் உட்கார்ந்திருக்கிறார். மகனைப் பறிகொடுத்த குடும்பம் எதிரே. அவன் ஏன் செத்தான், தகனச் சடங்கில் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார்கள். காவல் தெய்வம், தாத்தா, கடைசியில் மகன் என்று ஒவ்வொருவராக அவர் மேல் வருகிறார்கள். இடையில் அருள் விலகியதும், புரியாமல் போனதைச் சாதாரணக் குரலில் விளக்குகிறார். 1980இல் இந்தப் படத்தையே அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சொன்னதையும் 'ஜெரோ ஆன் ஜெரோ' என்று தனிப் படமாக எடுத்தார்கள். சாமி வந்தவர் தன்னையே திரையில் பார்த்துப் பேசுகிறார். மீட் படத்தில் இல்லாதது இதுதான்.

அழகுக்காகப் பார்க்கிறவர்களுக்கு 1935இல் வந்த 'லெகோங்' இருக்கிறது. இரண்டு வண்ண டெக்னிகலர், மௌனப் படம், கதை வெறும் காதல் தோல்வி. நடனக் காட்சிகளுக்காகப் பார்க்கலாம்.

சடங்கு என்றால் என் ஓட்டு ஆஷுக்கே. மீட் படத்தையும் விட வேண்டாம். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த முதுகுகளை மட்டும் பாருங்கள்.