நார் கலந்த மக்கும் பிளாஸ்டிக்: மரவள்ளி ஸ்டார்ச்சா, பி.எல்.ஏ.வா?

சேலத்தில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் வைத்திருப்பவர் நார் கலந்த மக்கும் பிளாஸ்டிக்குக்கு மாற நினைத்தால், முதலில் கண் போவது மரவள்ளி ஸ்டார்ச் மேல்தான். ஆத்தூர் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும். பயிர்ச் சர்க்கரையிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் ஆசிட் பிளாஸ்டிக்கான பி.எல்.ஏ. குருணையோ வெளியூர்ச் சரக்கு, விலையும் அதிகம். இருந்தும் நாற்றுத்தொட்டி, கைப்பிடி, டப்பா போல மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய பொருளுக்கு என் ஓட்டு பி.எல்.ஏ.வுக்கே. காரணம் தண்ணீர்.

ஸ்டார்ச் 100 பங்குக்குக் கிளிசரின் 30 பங்கு, கொஞ்சம் தண்ணீர், 130–140 டிகிரி சூடு, உருகிவிடும். நாரும் ஸ்டார்ச்சும் தண்ணீரை இழுக்கும் ஒரே சாதி என்பதால் பிடிப்பும் நன்றாக இருக்கும். தொல்லை பொருள் கடைக்குப் போன பிறகு. ஏற்காட்டு மூடுபனியில் தொட்டி தொளதொளத்து, கிளிசரின் கசிந்து, பூஞ்சணம் பிடிக்கும். கீழே சித்திரை வெயிலில் அதுவே வற்றி முறியும். ஆறிய சோறு விறைப்பது போல ஸ்டார்ச்சும் நாள்பட விறைக்கும் என்பது தனிக் கதை.

பி.எல்.ஏ.வுக்கும் தண்ணீர் எதிரிதான், ஆனால் மெஷினுக்குள் போகும்போது. அது நம் கையில் இருக்கிறது.

கணக்கு இது. குருணையில் ஈரம் 250 பி.பி.எம்.முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 250 பங்குக்குள் இருக்க வேண்டும். 25 கிலோவுக்கு 6 கிராம் சொச்சம். அந்த 25 கிலோவில் 5 கிலோ கற்றாழை நார் என்று வையுங்கள். காய்ந்தது போலத் தெரியும் நாரிலும் 8 சதவீதம் ஈரம் உண்டு. அதாவது 400 கிராம் தண்ணீர். உருகும் சூட்டில் அந்தத் தண்ணீர் பி.எல்.ஏ.வின் சங்கிலிகளை அறுக்கும். நாசிலில் உருகல் நீர்த்து ஒழுகும், பொருளில் வெள்ளிக் கோடு விழும், கீழே போட்டால் முறியும். பலர் நாரைக் குறை சொல்வார்கள், குற்றவாளி ஈரம்.

ஆகவே நாரை 3–6 மி.மீ. துண்டாக வெட்டி, 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, காரம் போகக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகு 80 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைக்க வேண்டும். எடுத்ததும் ஈரம் புகாத பையில் கட்டுங்கள். திறந்து போட்டால் சில மணி நேரத்தில் பழைய ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கலவை அடிக்கும் இரட்டைத் திருகு மெஷினில் நீராவியை உறிஞ்சி வெளியேற்றும் வேக்கம் வென்ட் கட்டாயம். குருணைக்கு ஈரம் நீக்கும் டிரையர் வேண்டும். வெளிக்காற்றைச் சூடாக்கி ஊதும் சாதா ஹாப்பர் டிரையர் மழைக்காலத்தில் உதவாது.

ஓட்டும் சூடு 170–185. 200 தொட்டால் நார் கருகி வெல்லப்பாகு வாசனை வரும். மெஷினை நிறுத்தும் முன் அதன் பேரலுக்குள் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக் விட்டுக் கழுவிவிடுங்கள். அச்சுக்குள் உருகல் நுழையும் வாயான ‘கேட்’டைச் சற்றுப் பெரிதாக்காவிட்டால் நார் அடைத்துக்கொள்ளும்.

நாரில் கற்றாழையே முதல். தேங்காய் நாரில் லிக்னின் என்ற மரப்பசை அதிகம், வலு குறைவு; ஆனால் நன்றாக நீளும், அடி தாங்க வேண்டிய பொருளுக்குப் பரவாயில்லை. சேகோ ஆலைத் திப்பி (ஸ்டார்ச் எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கை) இடத்தை நிரப்பும், வலு தராது.

பி.எல்.ஏ.வின் குறைகளையும் மறைக்க வேண்டாம். 55–60 டிகிரியில் இளகும். மே மாதம் மூடிய டெம்போவில் அடுக்கி வைத்தால் கோணிவிடும். வீட்டு எருக்குழியில் சீக்கிரம் மக்காது, 58 டிகிரி காக்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். ‘மண்ணில் புதைத்தால் போதும்’ என்று அச்சடிக்காதீர்கள். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 சோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் தேவை.

ஸ்டார்ச்சை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். மாம்பழப் பெட்டிக்குள் வைக்கும் தடுப்புக்கு ஆயுள் ஒரு வாரம்தான். அதற்கு ஸ்டார்ச்சும் திப்பியும் போதும். வேலை முடிந்ததும் எருக்குழியில் போட்டுவிடலாம்.