பைக்கில் நெடும்பயணத்துக்கு, முன்னால் பொருத்தும் காற்றுத்தடுப்புக் கண்ணாடி (விண்ட்ஷீல்ட்) உயரமானதா, குட்டையானதா?

காற்றுத் தடுப்பு: வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்விசை 4 மடங்காகும் என்பதால், மார்பையும் தோளையும் சேர்த்து மறைக்கும் உயரமான கண்ணாடி களைப்பை வெகுவாகக் குறைக்கிறது, குட்டையானது மார்போடு நின்றுவிடும்.

இரைச்சல்: பலர் ஏமாறுவது இங்கேதான். உயரமான கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிச் சுழலும் காற்று ஹெல்மெட்டில் மோதினால் தலை இடைவிடாமல் அதிரும். அதற்குக் குட்டையான கண்ணாடியைத் தாண்டி வரும் சீரான காற்றே மேல்.

பார்வை: உயரமானதன் விளிம்பு ஓட்டுநரின் மூக்கு மட்டத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால், இரவு மழையில் கண்ணாடியில் படிந்த துளிகள் எதிர்வண்டியின் விளக்கொளியைச் சிதறடித்துச் சாலையையே மறைத்துவிடும். குட்டையானதில் இந்தத் தொல்லை இல்லை.

குளிரிலும் மழையிலும் நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் செல்பவர்கள், உயரத்தை மாற்றி அமைக்கக்கூடிய உயரமான கண்ணாடியை வாங்கலாம். வெயிலில் மிதமான வேகத்தில் ஓட்டுபவர்களுக்குக் குட்டையானதே போதும்.