ஊர் மாறிய அப்பாவும் உள்ளூர்ப் பிள்ளையும்: எந்த ஏற்பாடு நிலைக்கும்?

மணமுறிவுக்குப் பிறகும் இருவரும் ஒரே ஊரில் இருந்தால் பிள்ளையைப் பார்ப்பதற்கான எந்த ஏற்பாட்டையும் ஓரளவு ஓட்டிவிடலாம். ஒருவருக்கு வேலை மாற்றல் வந்து 300 கிலோமீட்டர் தள்ளிப் போகும்போதுதான் சிக்கல். 'ஞாயிறுதோறும் காலை 10 முதல் மாலை 5 வரை' என்று, மணமுறிவு கேட்டு இருவரும் சேர்ந்து போட்ட கூட்டு மனுவில் எழுதிக்கொண்ட வரி அன்றோடு பயனில்லாமல் போகிறது. அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று வக்கீலைக் கேட்டால் மூன்று, நான்கு வழிகள் சொல்வார். அவற்றில் எது பிள்ளைக்கு நல்லது என்பதைப் பெற்றோர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

என் மகள் அவளுடைய அம்மாவோடு திருச்சியில் இருக்கிறாள். நான் பெங்களூருவில் இருக்கிறேன். கீழே சொல்லும் வழிகளில் சிலவற்றை நாங்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறோம். மற்றவை என்னைப் போன்ற அப்பாக்கள், அம்மாக்கள் சிலர் பகிர்ந்துகொண்டவை.

முதல் போட்டி, பதினைந்து நாளைக்கு ஒரு வாரக்கடைசியா, பள்ளி விடுமுறையில் மொத்தமாகவா என்பதுதான். காகிதத்தில் வாரக்கடைசிக் கணக்குதான் பெரிது. வருடத்துக்கு 26 முறை, 52 நாள். விடுமுறைக் கணக்கில் கோடை விடுமுறையில் பாதி, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் பாதி என்று சேர்த்தால் ஒரு மாதம் தேறும். ஆனால் 52 நாள் யாருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. பரீட்சை வரும், சொந்தத்தில் கல்யாணம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் நிற்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அந்தக் காலையில் போட்டு வைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை இரவுக்குப் படுக்கை கிடைப்பது கஷ்டம். அப்புறம் ஆம்னி பஸ்தான், பண்டிகை நேரத்தில் அதன் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு தொல்லை இருந்தும், ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நான் வாரக்கடைசியைத்தான் சொல்வேன். நான்கு வயதுக் குழந்தைக்கு 'மே மாதம் அப்பாவிடம் போகலாம்' என்றால் ஒன்றும் புரியாது. 'இரண்டு சனிக்கிழமை கழித்து' என்றால் காலண்டரில் விரல் வைத்து எண்ணும். தவிர, நான்கு மாதம் பார்க்காத அப்பா வீட்டில் திடீரென்று மூன்று வாரம் இருக்கச் சொன்னால் முதல் வாரம் அழுகையிலேயே போய்விடும். பத்து வயதுக்கு மேல் கணக்கு மாறுகிறது. அந்த வயதில் நீண்ட விடுமுறைதான் ருசிக்கிறது. இரண்டு நாளில் ஒரு வீட்டில் விருந்தாளியாக மட்டுமே இருக்க முடியும். இரண்டு வாரம் இருந்தால்தான் தோசை ஊற்றவும், சண்டை போட்டுச் சமாதானமாகவும், சும்மா படுத்துக் கிடக்கவும் நேரம் கிடைக்கும்.

விடுமுறையை நம்புகிறவர்கள் இரண்டு மாநில நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் தசரா விடுமுறை நீளம். தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை அதோடு சில வருடம் ஒட்டும், சில வருடம் ஒட்டாது. பொங்கல் நாட்கள் முழுவதும் கர்நாடகத்தில் எல்லா அலுவலகங்களிலும் விடுமுறை என்று எதிர்பார்க்க முடியாது. ஊர் மாறியவர் மறுமணம் செய்துகொண்டு, அந்த வீட்டிலும் பள்ளி போகும் பிள்ளை இருந்தால், இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய சண்டையாகிறது.

இரண்டாவது போட்டியைப் பலர் யோசிப்பதே இல்லை. பயணம் போவது யார், பிள்ளையா, பெரியவரா? என் கருத்து இதில் உறுதியானது: ஊர் மாறியவர்தான் அதிகம் பயணம் செய்ய வேண்டும். வெள்ளி இரவு பஸ்ஸில் ஏறி, ஞாயிறு இரவு மறுபடி ஏறி, திங்கள் காலை தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, அப்பாவைப் பார்ப்பதே ஒரு தண்டனையாகிவிடும். சனிக்கிழமை நண்பர்களின் பிறந்தநாள், பாட்டு வகுப்பு எல்லாம் போகும். கொஞ்ச நாளில் 'இந்த வாரம் வேண்டாம்ப்பா' என்று பிள்ளையே சொல்லும். அதைக் கேட்ட அப்பா, அம்மாதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நினைப்பார். அலைச்சலில் தொடங்கியது குற்றச்சாட்டில் போய் நிற்கும்.

பெரியவர் போவதிலும் ஒரு குறை உண்டு. அந்த ஊரில் அவருக்கு வீடு இல்லை. லாட்ஜ் அறை, உச்சிப்பிள்ளையார் கோயில், முக்கொம்பு, ஸ்ரீரங்கத்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மால், ஐஸ்கிரீம் என்று ஒவ்வொரு சந்திப்பும் சுற்றுலாவாகிவிடும். கேட்டதெல்லாம் வாங்கித் தரும் அப்பா ஒரு பக்கம், வீட்டுப்பாடம் செய்யச் சொல்லும் அம்மா மறுபக்கம். அம்மாவுக்கு இது பெரிய அநியாயம். இதற்கு எங்களுக்குக் கை கொடுத்தது ஒரு சாதாரண மாற்றம். லாட்ஜை விட்டுவிட்டு, சமையலறை உள்ள ஒரு சின்ன இடத்தை நாள் வாடகைக்கு எடுத்தேன். முடிவெட்டப் போவது, பள்ளிச் சீருடை தைக்கக் கொடுப்பது, பல் டாக்டர், ப்ராஜெக்ட் சார்ட் ஒட்டுவது எல்லாம் என் வாரக்கடைசிக்கு வந்தன. பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு எந்தச் சனிக்கிழமை என்று அவளுடைய அம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவார், என் பயணம் அதை ஒட்டி அமையும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் எண்ணும் இருக்க வேண்டும் என்று பள்ளியில் கேட்டுச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அதனால் வரும் பயனோ வருடக்கணக்கில்.

போக்குவரத்துச் செலவைப் பற்றிச் சுருக்கமாக: அது வேறு, ஜீவனாம்சம் வேறு. டிக்கெட் காசைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவது பிள்ளையின் சாப்பாட்டில் கை வைப்பது.

மூன்றாவது வழி வீடியோ அழைப்பு. நேரில் பார்ப்பதற்கு இது மாற்றாகாது, ஆனால் இதற்குச் சட்டத்தின் ஆதரவு பலமாக இருக்கிறது. 2020 ஜனவரியில் ராஜஸ்தானிலிருந்து வந்த ஓர் ஆள்கொணர்வு வழக்கில் (ஒருவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் வழக்கு) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பெற்றோர் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால், சந்திக்கும் உரிமையோடு தொடர்பில் இருக்கும் உரிமையும் முக்கியம். சிறப்புக் காரணம் இல்லாவிட்டால், பொறுப்பு கிடைக்காத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேச உரிமை உண்டு. அதற்கு வீடியோ அழைப்பே சிறந்த வழி என்றும் நீதிமன்றம் கருதியது. மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பை வக்கீலிடம் நினைவூட்டுங்கள்.

தினமும் பத்து நிமிடமா, வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரமா? சின்னப் பிள்ளைக்குத் தினமும் பத்து நிமிடம்தான். 'சாப்பிட்டியா, என்ன படிச்சே' என்று கேட்டால் மூன்றாவது நிமிடமே போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடும். கதை படித்துக் காட்டலாம், சேர்ந்து வரையலாம், ஒரே புதிர்ப் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். போன் பிள்ளையிடம் போய்ச் சேர்வது அம்மாவின் கையில் இருப்பதால், நேரத்தை எழுத்தில் வைத்துவிடுவது இருவருக்கும் நிம்மதி. இரவு 7.30 என்றால் 7.30. பின்னால் நின்று கேட்பதும், அழைப்பைப் பதிவு செய்வதும் வேண்டாம். இது எனக்கும் பொருந்தும், அவருக்கும் பொருந்தும்.

வெளிநாடு என்றால் அலசல் வேறு திசையில் போகிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முந்தியது. இரண்டிலும் தினசரி அழைப்பு சாத்தியம். நியூ ஜெர்சி என்றால் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வித்தியாசம். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் அங்கே இரவு. அப்படிப்பட்டவர்கள் தினசரி அழைப்பை வாரநாட்களில் வற்புறுத்தாமல் சனி, ஞாயிறில் நீட்டிக்கொள்வது நல்லது. வாரக்கடைசிப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், நீண்ட விடுமுறை ஒன்றுதான் மிச்சம்.

பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே வெளிநாடு போனால்? 2020 அக்டோபரில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பெங்களூருவிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றலான ஒரு தாய் மகனை அழைத்துச் செல்ல உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே மாதம் இன்னொரு வழக்கில், கென்யாவில் இருக்கும் தந்தையிடம் பிள்ளையை ஒப்படைத்தது. ஒரு கோடி ரூபாய் வைப்புத்தொகை, இந்திய உத்தரவை நைரோபி நீதிமன்றத்திலும் பதிய வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருந்தது. தந்தை அவற்றை மீறி மோசடி செய்ததாகக் கண்டு, 2021 அக்டோபரில் அந்த உத்தரவையே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. அதற்குள் பிள்ளை நாட்டைவிட்டுப் போயாகிவிட்டது. வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதும் இந்த இடத்தில் நினைவில் இருக்க வேண்டும். நம் ஊர் உத்தரவு இன்னொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாகும் என்று நம்பி விமானம் ஏற்றிவிடக் கூடாது. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், திரும்பி வரும் டிக்கெட் எந்தத் தேதிக்கு, பள்ளி மாற்றச் சான்றிதழ் யார் கேட்டால் தரலாம் என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே நீதிமன்றத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

பிள்ளையே ஊர் மாறி, போனவரோடு வாழ்வது கடைசி வழி. பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம். ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது. தாத்தா, பாட்டி, பள்ளி, மொழி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது பெரிய விஷயம். அங்கே சம்பளம் அதிகம் என்பது மட்டும் அதற்குப் போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. இருக்கும் வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் மட்டும், மற்ற எல்லாக் கணக்கையும் ஒதுக்கிவிட்டு இதைத்தான் கேட்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஒரு முடிவு தேதி வையுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி பிள்ளை பற்றிய உத்தரவை நீதிமன்றம் அவ்வப்போது மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மனு போட்டு அலைவதைவிட, 'பிள்ளைக்கு எட்டு வயதாகும்போதும் பன்னிரண்டு வயதாகும்போதும் இந்த ஏற்பாட்டை இருவரும் பேசி மாற்றிக்கொள்வோம்' என்று முதலிலேயே ஒரு வரி சேர்ப்பது எளிது. 10ஆம் வகுப்பு வருடத்துக்குத் தனியாக இன்னொரு வரி வேண்டும்: அந்த வருடம் பிள்ளை எங்கும் பயணம் செய்யாது, போனவர்தான் வந்து பார்ப்பார்.