கடைமடைக்காரி படித்த சில்மரில்லியன்

மேலையூர் கடையணை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை, மாயவரம் எல்லாம் தாண்டி அங்கே வரும்போது காவிரி ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கப்புறம் பூம்புகார், கடல். தண்ணீர் வந்த அன்று அப்பா பூவும் நெல்லும் எடுத்துப் போய்த் தூவிவிட்டுக் கும்பிட்டு நிற்பார். வராத வருஷங்களில் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவார். டோல்கியனின் 'தி சில்மரில்லியன்' எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

"அக்கா, கஷ்டமான புக்குதான், ஆனா உனக்குப் பிடிக்கும்" என்று சித்தப்பா பையன் சொல்லி, இணையத்தில் வாங்கினேன். பார்சல் வந்தபோதே அட்டையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன்.

எல்ஃப் என்ற கற்பனை இனத்தைப் பற்றி, முதல் உலகப் போர்க் காலத்தில் டோல்கியன் எழுதத் தொடங்கிய புராணம் இது. முடிக்காமலே 1973-ல் இறந்துவிட்டார். மகன் கிறிஸ்டோபர் அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து 1977-ல் வெளியிட்டார். இதில் உலகம் ஒரு பாட்டிலிருந்து பிறக்கிறது. அந்தப் பாட்டின் எதிரொலி மற்ற எதையும்விடத் தண்ணீரில்தான் அதிகம் தங்கியிருக்கிறதாம். எல்ஃப்கள் முதன்முதலில் கண் விழித்ததும் ஒரு நீர்க்கரையில்தான். தண்ணீர் ஓடுவதும் கல்லில் விழுவதும்தான் அவர்கள் காதில் விழுந்த முதல் சத்தம்.

நீருக்கெல்லாம் அதிபதி உல்மோ. மற்ற தெய்வங்கள் மேற்கே தங்களுக்கென்று ஒரு நாட்டில் கூடி வாழும்போது, இவர் மட்டும் தனியாகக் கடலில் இருக்கிறார். கரைக்கு வருவதே அபூர்வம். ஆனால் ஊற்று, ஓடை, ஆறு என்று பூமிக்குள் ஓடுகிற நரம்பெல்லாம் இவருடையது, உலகத்தில் யாருக்கு என்ன துக்கம் என்றாலும் அந்த வழியாக இவருக்குத் தெரிந்துவிடும்.

நர்கோத்ரோண்ட் என்று ஆற்றங்கரையில் குகைக்குள் கட்டிய ஓர் ஊர் வருகிறது. அந்த ஊருக்கு இரண்டு தூதர்கள் உல்மோவின் செய்தியைக் கொண்டுவருகிறார்கள். வடக்கே இருக்கிற தீயவன் சிரியோன் ஆற்றின் ஊற்றுகளைக் கெடுத்துவிட்டான், விரல் விரலாகப் பிரிந்து ஓடும் நீரிலிருந்து என் சக்தி பின்வாங்குகிறது, வாசலை அடைத்துக்கொள்ளுங்கள், பாலத்தை இடித்து ஆற்றில் தள்ளுங்கள் என்கிறது செய்தி. இந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். மேலே அணையில் என்ன நடந்தாலும் முதலில் காய்வது விரல் நுனிதான், அதாவது நாங்கள். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். மனுவில் பாசனம் எதில் என்று கேட்டால், பெரியவர்கள் யோசிக்காமல் வாய்க்கால் பெயரைச் சொல்வார்கள். அந்த வாய்க்காலில் சரியாகத் தண்ணீர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும், கடற்கரைப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆனாலும் வாய்க்கால் பெயரைத்தான் சொல்வார்கள். உல்மோவை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதை அப்பாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன்.

"பாலத்தை இடிச்சாங்களா?" என்றார்.

"இல்லப்பா. தூரின்னு ஒருத்தன், அவன் யோசனையில கட்டுன பாலம், இடிக்க மாட்டேன்னுட்டான். அது மேலயே எதிரிப் படையும் டிராகனும் நடந்து வந்து ஊர் அழிஞ்சுபோச்சு."

"சொன்னா யாரு கேக்குறா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கடலில் உல்மோவுக்குக் கீழே ஓசே, உயினென் என்று ஒரு தம்பதி. ஓசேக்குப் புயல் என்றால் ஆனந்தம். உயினெனின் கூந்தல் எல்லா நீரிலும் விரிந்து கிடக்கிறது, கப்பல்காரர்கள் அவளைக் கூப்பிட்டால் புருஷனை அடக்கி அலையை ஆற்றுவாள். எங்கள் கடலுக்கு மணிமேகலா தெய்வம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது.

அதே ஞாபகத்தோடுதான் அகல்லபேத் பகுதியைப் படித்தேன். நூமெனோர் என்ற தீவு கடலில் மூழ்கும் கதை. அதன் அரசன் சாகாவரம் வேண்டி, போகக் கூடாது என்று தடுத்திருந்த மேற்குத் திசைக்குப் பெரும் கடற்படையோடு போகிறான், தீவையே கடல் கொண்டுபோகிறது. எங்கள் பூம்புகாரைக் கடல் கொண்ட கதை மணிமேகலையில் வருகிறது. நெடுமுடிக்கிள்ளி கப்பல் கவிழ்ந்து தொலைந்த தன் பிள்ளையைத் தேடிக்கொண்டே இந்திர விழாவை மறந்துவிடுகிறான், சாபம் பலிக்கிறது. இரண்டிலும் ஊர்தான் போகிறது. ஆனால் நூமெனோர் ராஜா மேல் எனக்குக் கோபம் வந்தது, நெடுமுடிக்கிள்ளி மேல் எந்த வயதிலும் வந்ததில்லை.

அந்தத் தீவின் ராணி மிரியெல் கடைசி நேரத்தில் மலை உச்சிக்கு ஏறப் பார்க்கிறாள், பாதி வழியில் அலை பிடித்துக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஓடி வந்தவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். ஒரு அம்மா ஒற்றைக் கொலுசோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தாள். மிரியெலுக்கு டோல்கியன் ஒதுக்கியது சில வரிகள்தான், அதுவே போதும்.

சரி, குறைகள். ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர்கள், பின்னால் இருக்கிற பெயர் அகராதியைப் புரட்டிப் புரட்டி முதுகு ஒட்டு விட்டுவிட்டது. எழுத்து பொடி. இங்கிலீஷ் பழைய பைபிள் நடை, கல்லூரியில் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்த எனக்கே ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்தான் போயிற்று. வரைபடத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறது. கதை பெரும்பாலும் நடக்கிற பெலேரியாண்ட் நாட்டின் ஆறும் மலையும் மட்டும் சொல்லும் அத்தியாயத்தை அதனால் தனித் தாளில் பென்சிலால் வரைந்துகொண்டேன். சிரியோனும் கடைசியில் பல வாயாகப் பிரிந்துதான் கடலில் விழுகிறது. அழிந்த ஊர்களில் தப்பியவர்கள் வந்து குடியேறுவது அந்தக் கழிமுகத்தில்தான்.

வாங்குகிறவர்கள் கெட்டி அட்டைப் பதிப்பாக வாங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து போகாமல் அகல்லபேத்தை முதலில் படியுங்கள், அது தனியாகவே நிற்கும். எனக்கு இது இரண்டாவது முறை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவுக்குக் கதையாகச் சொல்லி வருகிறேன். நேற்று துவோர் என்ற வீரன் கடற்கரையில் தனியாக நிற்கிற இடம் வரைக்கும் வந்தோம். புயலோடு உல்மோ கரைக்கு எழுந்து வருவது இன்றைக்கு.