ஒயிட் ஸ்ட்ரைப்ஸா, பிளாக் கீஸா? ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், இரண்டு வழி

ப்ளூஸ் ராக் கேட்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் போகாது. அமெரிக்காவின் இரண்டு பேர் குழுக்களில் தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் பெரிசா, தி பிளாக் கீஸ் பெரிசா? பெரும்பாலும் விற்பனை, விருது, ஸ்டேடியத்தில் கூட்டம் சேர்ந்து பாடுகிற, ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘செவன் நேஷன் ஆர்மி’யில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு ரிஃப் என்று கடைசிக் கணக்கிலேயே பேச்சு முடிந்துவிடும். எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வம் இல்லை. இரண்டு குழுவும் யாருக்கும் தெரியாத பெயராக, சின்ன லேபிள்களில், அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிகளில், கையில் காசு இல்லாமல் ஓடிய ஆரம்ப வருஷங்களை மட்டும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒயிட் ஸ்ட்ரைப்ஸுக்கு அது 1997 முதல் 2002 வரை, பிளாக் கீஸுக்கு 2001 முதல் 2006 வரை.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. இரண்டே பேர், பேஸ் கிட்டார் கிடையாது, பழைய மிசிசிப்பி ப்ளூஸ் மேல் பைத்தியம், கரகரவென்று பதிவான பாட்டுகள். ஊர்களும் உறவுக்கார ஊர்கள்தான். கார் செய்த ஊர் டெட்ராய்ட், அந்தக் காருக்கு டயர் செய்த ஊர் ஒஹையோவில் இருக்கும் ஏக்ரன். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போய், ஆட்கள் கிளம்பிப்போய், கட்டடங்கள் காலியாகக் கிடந்த ஊர்கள் இரண்டும். பிளாக் கீஸ் வந்தபோது பலர் அவர்களை ஒயிட் ஸ்ட்ரைப்ஸோடு ஒப்பிட்டே பேசியது அதனால்தான். ஆனால் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இவை தலைகீழான இரண்டு கதைகள். ஒரு குழு மேடையில் பிறந்து ஸ்டூடியோவுக்குப் போனது. இன்னொன்று வீட்டு பேஸ்மென்டில் டேப்பில் பிறந்து, அதற்கப்புறம்தான் மேடை ஏறியது. மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்தே கிளைத்தவை என்று நினைக்கிறேன்.

டெட்ராய்டில் 90களில் கேரேஜ் ராக், அதாவது மெருகேற்றாத கரடுமுரடான ராக், வாசிக்கிற ஒரு வட்டமே இருந்தது. கோல்ட் டாலர் என்ற சின்ன பாரில் வாராவாரம் யாராவது வாசிப்பார்கள், ஒரு குழுவில் கிட்டார் வாசித்தவர் அடுத்த குழுவில் டிரம்ஸ் வாசிப்பார், கேட்க வருகிறவர்களிலும் பாதிப் பேர் இசைக்காரர்கள். ஒயிட் ஸ்ட்ரைப்ஸில் பாடிக் கிட்டார் வாசித்த ஜாக் ஒயிட் அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே இருந்தவர், கூபர் அண்ட் த பீஸ் என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பகலில் அவருக்குக் குஷன் வேலை. சோபா, நாற்காலிகளைப் பிரித்து மறுபடி மெத்தை கட்டித் தருவது, அதற்கென்று தனியாகக் கடையும் வைத்திருந்தார். அவருடைய மனைவி மெக் ஒரு நாள் சும்மா டிரம்ஸில் உட்கார்ந்து தட்டிப் பார்த்ததில் ஆரம்பித்த குழு இது, 1997 ஆகஸ்டில் அதே கோல்ட் டாலரில் முதல் மேடை. அடுத்த வருஷம் இட்டலி ரெக்கார்ட்ஸ் என்ற உள்ளூர்க் குட்டி லேபிளில் ஒரு சிங்கிள். முதல் ஆல்பம் வந்தது 1999 ஜூனில். அதாவது முழு ஆல்பம் ஒன்று கைக்கு வருவதற்கு முன்பே கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆட்கள் முன்னால் நின்று வாசித்துவிட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எந்த இடத்தில் மறுபடி பாய வேண்டும் என்பதெல்லாம் அந்த முதல் ஆல்பத்திலேயே தெரியும்.

ஏக்ரனில் அப்படி ஒரு வட்டம் இவர்களுக்கு வாய்க்கவில்லை. பாடிக் கிட்டார் வாசிக்கிற டான் ஆவர்பாக், டிரம்ஸ் வாசிக்கிற பேட்ரிக் கார்னி இருவரும் சின்ன வயசிலிருந்தே பக்கத்துத் தெருப் பையன்கள். 2001-இல் ஆவர்பாக் தன் பார் பேண்டோடு ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, செய்ய கார்னியின் வீட்டுக்கு ஏற்பாடு செய்கிறார், ஏனென்றால் பதிவு செய்கிற கருவி கார்னியிடம்தான் இருந்தது. வரவேண்டிய மற்ற ஆட்கள் வரவில்லை. சரி, வந்ததுக்கு நாம் இரண்டு பேராவது வாசிப்போம் என்று பதிவு செய்ததுதான் பிளாக் கீஸ். அந்த டெமோவைப் பல லேபிள்களுக்கு அனுப்பினார்கள், கலிபோர்னியாவில் இருந்த அலைவ் என்ற சின்ன லேபிள், இவர்கள் வாசிப்பதை நேரில் பார்க்காமலேயே சம்மதித்தது. முதல் கச்சேரி 2002 மார்ச்சில், பக்கத்து ஊரான கிளீவ்லாந்தின் பீச்லாண்ட் என்ற இடத்தில், கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய எட்டுப் பேர். முதல் ஆல்பம் மே மாதமே வந்துவிட்டது. இரண்டே மாத மேடை அனுபவம்!

இது குறையா என்றால், பாதி குறை, பாதி பலம். மேடையில் அவர்கள் அப்புறம்தான் கற்றுக்கொண்டார்கள், அதுவும் கஷ்டப்பட்டு, பழைய வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய். ஆனால் பதிவு செய்வதில் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கை பழகியிருந்தது. எட்டு ஒலிகளை மட்டுமே தனித்தனியாகப் பதிய முடிகிற எட்டு டிராக் டேப் மெஷின், நல்ல மைக் என்று சொல்ல முடியாத சில மைக்குகள், கான்கிரீட் சுவர். அந்தச் சுவரின் எதிரொலியையே ஒரு வாத்தியமாக்கிவிட்டார்கள். இரண்டாவது ஆல்பமான ‘திக்ஃப்ரீக்னெஸ்’ஸை 2002 டிசம்பரில் ஒரே மூச்சில், 14 மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். லேபிள் கொடுத்த முன்பணம் வீட்டு வாடகைக்குப் போய்விட்டதால் ஸ்டூடியோ எடுக்கக் காசில்லை, அதனால் மறுபடி அதே பேஸ்மென்ட். கிட்டார் ஏதோ கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். காசு இருந்திருந்தால் இந்தச் சத்தம் வந்திருக்காது.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸும் சிக்கனக்காரர்கள்தான், அதை மறுக்கக் கூடாது. 2000-இல் வந்த ‘டி ஸ்டைல்’ ஜாக்கின் வீட்டு வரவேற்பறையில் எட்டு டிராக்கில் பதிவானது. 2001-இல் வந்த ‘ஒயிட் பிளட் செல்ஸ்’ மெம்ஃபிஸில் நாலு நாளுக்குள் முடிந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். ஜாக் ஒயிட்டுக்குச் சிக்கனம் என்பது தானே போட்டுக்கொண்ட விரதம். வசதி வந்த பிறகும், லண்டனில் டோ ராக் என்ற பழங்காலக் கருவிகள் மட்டும் உள்ள ஸ்டூடியோவைத் தேடிப்போய் எட்டு டிராக்கில்தான் பதிவு செய்தார். பிளாக் கீஸுக்கு அது வேறு வழியில்லாத சிக்கனம்.

இனி பாட்டுக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். இரண்டு பேரும் மிசிசிப்பி ப்ளூஸ் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், குடித்தது வேறு வேறு கிணற்றுத் தண்ணீர். ஜாக் ஒயிட்டின் தெய்வம் சன் ஹவுஸ், மிசிசிப்பியின் டெல்டா சமவெளியைச் சேர்ந்த பழைய ப்ளூஸ் பாடகர். முதல் ஆல்பத்தையே அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார், இரண்டாவது ஆல்பத்தின் சமர்ப்பணத்தில் ஜார்ஜியாவின் பிளைண்ட் வில்லி மக்டெல் பெயர் வரும். சன் ஹவுஸின் பாட்டில் குரல் ஒரு பிரசங்கியார் குரல், கிட்டார் அதற்குப் பதில் சொல்லும், நடுவில் வெறுமை இருக்கும், கைதட்டல் மட்டுமே கூட வருகிற பாட்டும் உண்டு. ஒயிட் ஸ்ட்ரைப்ஸில் கேட்கிற அந்தத் திடீர் மௌனம், திடீர் பாய்ச்சல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. மெக் ஒயிட்டின் டிரம்ஸைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவில்லை. அவர் நிறைய வாசித்திருந்தால் அந்த வெறுமை நிரம்பிப்போய், பாட்டு செத்திருக்கும். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அது பெரிய டிரம்மர்கள் பலருக்கே வராத விஷயம்.

ஆவர்பாக்கின் தெய்வம் ஜூனியர் கிம்ப்ரோ. வடக்கு மிசிசிப்பியின் மலைப்பகுதிக்காரர், அந்தப் பகுதி ப்ளூஸே தனி ரகம். அங்கே வழக்கமான ப்ளூஸின் பன்னிரண்டு பார் தாளக் கணக்கு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறுகிற ஒழுங்கு எல்லாம் பெரிதாகக் கிடையாது. ஒரே கார்டில் நின்று, தம்பூரா சுருதி மாதிரி அடியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப உருட்டி, ஆடுகிறவர்களைக் கிறங்கடிக்கிற இசை. கிம்ப்ரோ தன் சொந்த ஜூக் ஜாயின்டில், அதாவது கிராமத்து ஆட்ட விடுதியில், ராத்திரி முழுக்க வாசித்தவர், 1998-இல் இறந்துபோனார். பிளாக் கீஸின் முதல் ஆல்பத்திலேயே அவர் பாட்டு ஒன்று இருக்கிறது. கார்னியின் டிரம்ஸ் மெக்குடையதற்கு நேர் எதிர், இடைவெளியே விடாமல் தடதடவென்று உருண்டுகொண்டு போகும், அந்த இசைக்கு அதுதான் பொருத்தம். அதனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று காப்பி அடித்தது என்று சொல்கிறவர்கள், இரண்டு பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டிருக்கிறார்கள், பாட்டைக் கேட்கவில்லை.

தோற்றம் பற்றி இழுக்கத் தேவையில்லை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸுக்குச் சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மலிவான பழைய ஏர்லைன் கிட்டார், அக்கா தம்பி என்ற கட்டுக்கதை. பிளாக் கீஸுக்கு ஒன்றுமே கிடையாது, போட்டிருந்த சட்டையோடு வந்து வாசித்தார்கள். அந்த மூன்று நிறம் ஒயிட் ஸ்ட்ரைப்ஸுக்கு எவ்வளவோ உதவியது, 2002-இல் இயக்குநர் மிஷெல் கோந்த்ரி லெகோ கட்டைகளை வைத்து எடுத்த வீடியோ அந்த நிறங்களாலேயே மனதில் ஒட்டியது. ஆனால் அக்கா தம்பிக் கதைக்கு ஒரு விலை இருந்தது. அவர்கள் கணவன் மனைவியாக இருந்து 2000-இல் பிரிந்தவர்கள் என்ற ஆவணங்கள் வெளியே வந்ததும், பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலெல்லாம் அதுவே பேச்சானது.

அப்புறம் காசு. சுயாதீனமாக இருக்கிறோம் என்றால் என்ன என்பதை இரண்டு குழுவும் வேறு வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். ஜாக் ஒயிட் 2001-லேயே தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் என்று தன் பெயரில் ஒரு லேபிளைத் தொடங்கி வைத்தார், வி2 போன்ற பெரிய லேபிளோடு சேர்ந்தபோதும் இசை தன் கையை விட்டுப் போகக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். இந்தத் தொலைநோக்குக்கு அவரைக் கும்பிடலாம். அதே சமயம் ஆரம்பத்தில் வாய்ப்பேச்சோடு நடந்த வேலைகள் பின்னால் கழுத்தைப் பிடிக்கவும் செய்தன. முதல் ஆல்பத்தில் வேலை செய்த ஸ்டூடியோக்காரர் தனக்கும் உரிமைப் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார், 2006-இல் நடுவர் குழு இசைக்குழுவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தார்கள்தான், ஆனால் முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை.

பிளாக் கீஸுக்குச் சுயாதீனம் என்றால் யாரோடு சேர்கிறோம் என்பது. முதல் ஆல்பம் வந்ததும் பெரிய கம்பெனிகள் தேடி வந்தன, அவர்கள் போனது ஃபேட் பாஸம் லேபிளுக்கு. மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் இருந்த சின்ன லேபிள், கிம்ப்ரோவையும் அதே பகுதி ப்ளூஸ்காரரான ஆர். எல். பர்ன்சைடையும் உலகத்துக்குக் கேட்க வைத்தது அதுதான். தன் குருவின் வீட்டு வாசலிலேயே போய் நின்ற மாதிரி. அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது. ஆனால் அதே காலத்தில் ஒரு இங்கிலாந்து மயோனைஸ் விளம்பரத்துக்குப் பாட்டு கேட்டு 2 லட்சம் பவுண்டு தருகிறோம் என்று வந்தபோது, விலைபோய்விட்டார்கள் என்று பெயர் வந்துவிடும் என்ற மேனேஜரின் பேச்சைக் கேட்டு மறுத்தார்கள். இது எனக்குத் தவறாகவே படுகிறது. காலேஜை விட்டுவிட்டு, புல் வெட்டுகிற வேலை பார்த்த இரண்டு பையன்களுக்கு அந்தப் பணம் எத்தனை வருஷ நிம்மதி! பின்னாளில் அவர்கள் பாட்டுகள் விளம்பரங்களில் நிறையவே வந்தன, அதனால் பாட்டின் தரம் ஒன்றும் குறையவில்லை.

மூன்றாவது ஆல்பத்துக்குள் பேஸ்மென்டும் போயிற்று, வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். ஜெனரல் டயர் கம்பெனியின் கைவிடப்பட்ட தொழிற்சாலையில் இடம் பிடித்து, சத்தம் சரியாக வராத அந்தக் கட்டடத்தில், அடிக்கடி மக்கர் செய்த ஒரு மிக்சிங் கன்சோலோடு மல்லுக்கட்டி ‘ரப்பர் ஃபேக்டரி’யை முடித்தார்கள். 2004-இல் அது அமெரிக்கப் பட்டியலில் 143-ஆம் இடத்தைத் தொட்டது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸோ முதல் ஆல்பத்திலிருந்து நாலே வருஷத்தில், 2003-இல், பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தார்கள். பிளாக் கீஸ் அமெரிக்காவில் மூன்றாமிடத்தை எட்ட 2010 ஆயிற்று. எட்டு வருஷம், ஆறாவது ஆல்பம்.

எந்த வழி நல்லது என்று கேட்டால், ஊரைப் பொறுத்தது என்பேன். வாராவாரம் வாசிக்க ஒரு மேடையும், கேட்டுத் திட்டவும் தட்டிக்கொடுக்கவும் நாலு சக இசைக்காரர்களும் இருக்கிற ஊரில் பிறந்தவர்கள், அவசரப்பட்டு ரெக்கார்ட் போடாமல் டெட்ராய்ட் வழியில் போகட்டும். அது எதுவும் இல்லாத ஊர் என்றால் ஏக்ரன் வழிதான், டேப் மெஷினை வாங்கிப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டு, அதைத் தபாலில் அனுப்பிவிட்டு, எட்டுப் பேர் முன்னால் வாசிக்கத் தயாராக இருப்பது. பாட்டாக எடுத்தால் எனக்கு ‘டி ஸ்டைல்’ இந்த இரண்டு பேரின் ஆரம்ப ஆல்பங்கள் எல்லாவற்றையும் விட ஒரு படி மேல். மனசுக்கு நெருக்கமானவர்கள் என்றால் பிளாக் கீஸ். இன்னொன்று, ஸ்லீட்டர்-கின்னி என்ற பெண்கள் குழு 2000-இல் ஒயிட் ஸ்ட்ரைப்ஸையும் 2003-இல் பிளாக் கீஸையும் தங்கள் டூரில் கூட்டிக்கொண்டு போனது. இரண்டு பேரையும் பெயர் பெறாத காலத்திலேயே அடையாளம் கண்ட காதுகள் அவை. இந்தச் சண்டையில் அவர்கள் பெயர் வருவதே இல்லை, வர வேண்டும்.

பிளாக் கீஸைக் கேட்காதவர்கள் ‘சுலஹோமா’விலிருந்து ஆரம்பியுங்கள். 2006-இல், பெரிய லேபிளுக்குப் போவதற்குச் சற்று முன்பு, ஃபேட் பாஸமில் கடைசியாகப் போட்ட ஈ.பி., அதாவது ஆல்பத்தைவிடச் சின்னத் தட்டு. எல்லாமே கிம்ப்ரோவின் பாட்டுகள், தட்டின் பெயர்கூட அவருடைய விடுதி இருந்த இடத்தின் பெயர். பாட்டுகள் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் ஒரு போன் மெசேஜ் இருக்கிறது, கிம்ப்ரோவின் மனைவி பேசுகிறார், தன் கணவரின் பாட்டை இந்தப் பையன்கள் வாசித்தது தனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்கிறார்.