வைஃபை தாமதம்: ரவுட்டரை மாற்றுவதா, வரிசையைக் குறைப்பதா?

வீடியோ அழைப்பில் பேச்சு அறுபட்டால், ஆன்லைன் விளையாட்டில் கை ஒரு பக்கமும் திரை ஒரு பக்கமும் போனால், முதலில் வரும் யோசனை "ரவுட்டரை மாத்துங்க" என்பதுதான். அதற்குப் பணம் போடுமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கணினியில் இரண்டு பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள்: ஒன்று உங்கள் ரவுட்டருக்கு, இன்னொன்று வெளியே உள்ள ஏதாவது ஒரு சர்வருக்கு. இரண்டும் ஓடும்போதே பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்யுங்கள்.

நான் செய்தபோது ரவுட்டர் பிங் 3, 4, 3, 5 மில்லிநொடி என்று அப்படியே நின்றது. வெளி பிங் 22-லிருந்து 90, 240, 410 என ஏறிக்கொண்டே போனது. அப்லோடை நிறுத்தினேன், மூன்றே வரியில் மறுபடி 22. காற்றில், அதாவது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வைஃபையில், குறையே இல்லை. ரவுட்டரிலிருந்து வெளியே போகும் வாசலில் பாக்கெட்டுகள், அதாவது தரவின் சிறு துண்டுகள், வரிசை கட்டி நின்றிருக்கின்றன.

இந்தத் தேக்கத்துக்கு பஃபர்புளோட் என்று பெயர். கணக்கு எளிது: நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடு உள்ள இணைப்பில் 1 மெகாபைட் தேங்கினால், அது வடிய 0.8 நொடி ஆகும். பின்னால் வரும் உங்கள் குரல் பாக்கெட் அவ்வளவு நேரமும் காத்திருக்கும். இந்த நிலையில் வைஃபை 7 ரவுட்டர் வாங்கினாலும் பாக்கெட் வேகமாக வந்து அதே வரிசையில்தான் நிற்கும்.

இதற்கு மருந்து வரிசையை ஆள்வது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை, பாக்கெட்டுகள் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்க்கிறது. அந்த நேரம் 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காமல் நீடித்தால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புபவரை மெதுவாக்குகிறது. அதன் வழிவந்த எஃப்க்யூ-கோடெல், கேக் இரண்டும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை தருவதால், உங்கள் அழைப்பு அப்லோடின் பின்னால் மாட்டிக்கொள்ளாது. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர் மென்பொருளில் இவை இலவசம். வேக வரம்பை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கீழே, 90 சதவீதம் அளவில் வைக்க வேண்டும். அந்தப் 10 சதவீதம் போவதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இணைப்பின் வேகமே நிமிடத்துக்கு நிமிடம் மாறுமானால் சரியான வரம்பைப் பிடிப்பது சிரமம். பழைய ரவுட்டரின் பிராசசரும் திணறும்.

சரி, ரவுட்டர் பிங்கே குதித்தால்? அப்போது சிக்கல் காற்றில். வைஃபையில் ஒவ்வொரு கருவியும் "யாராவது பேசுகிறார்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். மோதினால் காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டு மறுபடி முயலும். டபிள்யூஎம்எம் என்ற வைஃபை முன்னுரிமை முறை, குரல் பாக்கெட்டுகளுக்கு இந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. ஆனால் பக்கத்துக் கருவி ஏற்கெனவே அனுப்பத் தொடங்கிவிட்டால் அதை இடைமறிக்க முடியாது. ஒரே அனுப்பல் 5 மில்லிநொடிகூடக் காற்றைப் பிடித்து வைக்கலாம். கூட்டமான இடத்தில் முன்னுரிமையை நம்புவதைவிட 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கோ 6-க்கோ நகர்வது மேல். ரவுட்டர் மாற்றம் உண்மையிலேயே பலன் தரும் இடம் இதுதான். வைஃபை 7-இன் மல்டி-லிங்க் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு அலைவரிசைகளில் எது காலியோ அதில் அனுப்ப வழி செய்கிறது. அதற்கு ரவுட்டர் மட்டும் போதாது, கையிலுள்ள கருவியும் வைஃபை 7 ஆக இருக்க வேண்டும். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவி, கேம் கன்சோல் போன்றவற்றைக் கேபிளில் போட்டுவிட்டால் மிச்சமுள்ளவற்றுக்குக் காற்று காலியாகும். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

5ஜி வேறு ரகம். அங்கே யார் எப்போது பேசலாம் என்பதை கோபுரமே ஒதுக்குகிறது, மோதல் குறைவு. யூஆர்எல்எல்சி என்ற பிரிவின் இலக்கு, சிறிய பாக்கெட்டை 99.999 சதவீத உறுதியுடன் 1 மில்லிநொடிக்குள் சேர்ப்பது. அது தொழிற்சாலை ரோபோக்களை மனதில் வைத்துச் செய்தது. கைபேசியின் சாதாரண டேட்டா திட்டத்தில் அதை எதிர்பார்த்து வைஃபையைக் கைவிட வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. ரவுட்டர் பிங் ஒழுங்காக ஓடி, குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் 100-ஐத் தாண்டிக் குதித்தால், பக்கத்தில் வேறு நெட்வொர்க் இருக்கிறதா என்று லேப்டாப் மற்ற சேனல்களைத் தேடப் போகிறதா எனப் பாருங்கள். வைஃபை கார்டின் மின்சேமிப்பும் இதேபோல் இழுக்கும்: தூங்கும் கார்டு, ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்புக்காகக் காத்திருக்கும். இரண்டும் அமைப்பில் மாற்றக்கூடியவை, ஒரு காசும் செலவில்லை.