ஓடுவதற்கு முன் உடம்பைச் சூடேற்ற எது தேவலை?

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு காலை நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாலே ஓட வருகிறவர்களை நான்கு ரகமாகப் பிரித்துவிடலாம். காரை நிறுத்திக் கதவைச் சாத்திய கையோடு ஓட்டம் பிடிப்பவர்கள் முதல் ரகம். கம்பியில் காலைத் தூக்கி வைத்துக் குனிந்து, அசையாமல் நிற்பவர்கள் அடுத்து. காலை முன்னும் பின்னும் வீசி, முழங்காலை இடுப்பு வரை தூக்கித் தூக்கி நடப்பவர்கள் மூன்றாவது. சூரிய நமஸ்காரம் முடித்துவிட்டுத்தான் ஷூ லேஸைக் கட்டுவேன் என்பவர்கள் கடைசி. எல்லோருமே தங்கள் வழிதான் சரி என்பார்கள்.

எது தேவலை என்று சொல்வதற்கு முன்னால், வார்ம்-அப் எதற்கு என்று பார்த்துவிடுவோம். தசையின் வெப்பம் ஓரிரு டிகிரி ஏறினாலே அது சுருங்கி விரியும் வேகம் கூடுகிறது. கால்களுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஓட ஆரம்பித்த உடனே தசை கேட்கும் அளவுக்கு ஆக்சிஜன் வந்துவிடாது. நெஞ்சும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். முதல் அரை கிலோமீட்டரில் எல்லோருக்கும் மூச்சு வாங்குவது அதனால்தான். இந்தக் கணக்கில் எந்த வழி எவ்வளவு உதவுகிறது என்பதுதான் கேள்வி.

அசையாமல் நின்று நீட்டும் ஸ்ட்ரெச்சிங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதற்குத்தான் மவுசு அதிகம். பள்ளிக்கூடத்து பி.டி. பீரியடில் ‘குனி, கட்டைவிரலைத் தொடு, பத்து எண்ணு’ என்று பழகிய உடம்பு. ஆனால் நின்ற இடத்தில் நின்று தசையை இழுத்துப் பிடித்தால் உடம்பு சூடாவதில்லை. காயத்தைத் தடுக்குமா? 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் பயிற்சிக்கு முன் வார்ம்-அப் செய்தார்கள். ஒரு பிரிவு மட்டும் அதோடு காலின் ஆறு தசைத் தொகுதிகளையும் தலா 20 வினாடி நீட்டியது. சில மாதப் பயிற்சி முடிந்து கணக்கெடுத்தபோது, காயம்பட்டவர்களின் விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மறுநாள் வரும் கால் வலியும் ஸ்ட்ரெச்சிங்கால் பெரிதாகக் குறைவதில்லை.

அதற்காக அதை விஷம் மாதிரி ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் உடனடியாக அதன் விசை கொஞ்சம் மட்டுப்படும். 15, 20 வினாடி பிடித்துவிட்டு விட்டால் பாதிப்பு மிகக் குறைவு. அதன் பிறகு சில நிமிடம் மெல்ல ஓடினால் அதுவும் தெரியாது. கெண்டைக்கால் எப்போதும் இறுக்கமாகவே இருக்கிற ஆளுக்கு அது ஓர் ஆறுதல். என்னைக் கேட்டால், கம்பியில் கால் போடுவதை ஓடி முடித்து வியர்வை துடைக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுமே செய்யாமல் ஓடுவதை எல்லோரும் திட்டுகிறார்கள். பாதி நியாயம்தான். “ஏனுங் தம்பி, நேரா ஓட வேண்டியதுதானுங்களே, எதுக்கு இந்தக் கூத்து?” என்று பெரியவர் ஒருவர் கேட்டால், அவர் மெதுவாக ஓடுகிறவராக இருக்கும்பட்சத்தில், “நீங்க சொல்றது சரிதானுங்க” என்றுதான் சொல்வேன். ஐந்து நிமிடம் நடை, அதை அப்படியே வேகநடையாக்கி, அப்புறம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் முதல் கிலோமீட்டர். மெல்லோட்டக்காரருக்கு அதுவே முழு வார்ம்-அப். தனியாக எதுவும் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் தாண்டிப் போனதும் நம் கால் சொன்னபடி கேட்பதில்லை. 1970களில் அமெரிக்காவில், ஆரோக்கியமாக இருந்த ஆண்களைச் சூடேற்றாமல் சட்டென்று முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பலருடைய இசிஜியில் கோளாறு தெரிந்தது. சில நிமிடம் மெல்ல ஓடவிட்டு அதே சோதனையைச் செய்தபோது பெரும்பாலும் அது காணாமல் போனது. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள், முதல் கிலோமீட்டரை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் மெதுவாகவே ஓட வேண்டும்.

அசைந்துகொண்டே செய்யும் பயிற்சிகள் வேறு ஆளுக்கு. காவலர் தேர்வுக்காக கோவை நேரு ஸ்டேடியத்திலும் ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானத்திலும் பயிற்சி எடுக்கும் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி. அங்கே ‘முதல் கிலோமீட்டர் மெதுவாக’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து நிமிடம் மெல்ல ஓடிவிட்டு ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பத்து தடவை, பக்கவாட்டில் பத்து தடவை வீச வேண்டும். முதல் வீச்சு முழங்கால் உயரம் போனால் போதும். உயரம் தானாக ஏறும். அப்புறம் நீளமாக எட்டு வைத்து, பின்னால் இருக்கும் காலின் முழங்கால் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி இறங்கிப் பத்து எட்டு நடை. முழங்காலை உயரத் தூக்கி ஓடுவது, குதிகால் பின்புறத்தைத் தட்ட ஓடுவது, தலா 20 மீட்டர். குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து தடவை. கடைசியாக 60, 70 மீட்டர் தூரம் மூன்று நான்கு தடவை, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி ஓட்டம். அந்தக் கடைசி ஓட்டத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள், விசில் ஊதியதும் முதல் 200 மீட்டரிலேயே திணறுகிறார்கள்.

சூரிய நமஸ்காரம் அசையாமல் நீட்டுவதற்கும் அசைந்துகொண்டே செய்வதற்கும் நடுவில் நிற்கிறது. விறுவிறுவென்று ஆறேழு சுற்று போட்டால் இடுப்பும் முதுகும் நன்றாகத் திறக்கும், மூச்சும் ஏறும். ஒவ்வொரு நிலையிலும் ஆற அமர நின்றால் மேலே சொன்ன ஸ்ட்ரெச்சிங் கதைதான். எப்படிச் செய்தாலும் ஓட்டத்தில் கால் தரையில் மோதும் அதிர்ச்சிக்கு அது பழக்குவதில்லை. பின்னாலேயே ஐந்து நிமிட மெல்லோட்டம் வேண்டும்.

நேரக் கணக்கை நாள்காட்டி மாற்றும். சித்திரையில் விடியும்போதே வேர்க்கிற ஊரில் நீண்ட வார்ம்-அப் உடம்பின் தண்ணீரைத்தான் வீணாக்கும். ஐந்து நிமிடம் தாராளம். மார்கழியில் பத்து நிமிடமாவது வேண்டும். அதுவும் சிங்காநல்லூரிலிருந்தோ துடியலூரிலிருந்தோ பனியில் பைக் ஓட்டி வந்தால் முழங்கால் விறைத்துக் கிடக்கும். வண்டியில் வந்தது கணக்கில் சேராது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும்போது, மெல்லோட்டத்தைக் காற்றுக்கு முதுகு காட்டி ஆரம்பிப்பது சுகம்.

பந்தய நாளில் மட்டும் இன்னொரு விஷயம். சூடேற்றிய உடம்பு கால் மணி நேரம் சும்மா நின்றால் பெருமளவு ஆறிவிடும். கோவை மாரத்தான் மாதிரி கூட்டத்தில் தொடக்கக் கோட்டில் நேரத்துக்கு முன்பே போய் நிற்க வேண்டியிருக்கும்போது, அரை மாரத்தான் ஓடுகிறவர் கவலைப்பட வேண்டாம், முதல் இரண்டு கிலோமீட்டரே அவருக்கு வார்ம்-அப். 10 கிலோமீட்டரை வேகமாக முடிக்க வந்தவர் வெளியில் முடிந்தமட்டும் தாமதித்துச் செய்துவிட்டு உள்ளே போக வேண்டும், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும்.